யார் நடப்பது?

பெர்க்லியில் இருக்கும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர் நோபல் பரிசு வாங்கினால், கேம்பஸுக்குள் கார் நிறுத்த அவருக்கு ஓர் இடம் கிடைக்கும். 'என்.எல்.' என்று எழுதிய பலகை அங்கே இருக்கும். நோபல் லாரியேட் என்பதன் சுருக்கம். அங்கே பரிசு வாங்கிய பலர் நேர்காணல்களில் இதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். கேட்பவர்களும் சிரிப்பார்கள். எனக்கு அது வேடிக்கையாகத் தெரிவதில்லை. ஒரு பல்கலைக்கழகம் தன் கையிலிருந்து எடுத்துக் கொடுக்கக்கூடிய மிக அரிய பொருள் எதுவோ அதைத்தான் கொடுத்திருக்கிறது.

1958 முதல் 1967 வரை அந்தப் பல்கலைக்கழக அமைப்புக்குத் தலைவராக இருந்தவர் கிளார்க் கெர். ஆளுக்கொரு கடை நடத்துகிற பேராசிரியர்களை ஒரே நிறுவனமாகச் சேர்த்துக் கட்டி வைத்திருப்பது, பார்க்கிங் பற்றி எல்லோருக்கும் பொதுவாக இருக்கும் மனக்குறைதான் என்று அவர் கேலியாகச் சொல்லியிருக்கிறார். அறுபது வருடம் ஆகியும் அந்தக் கேலி பழசாகவில்லை. அதை நான் தினமும் காலையில் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்து சரிபார்த்துக்கொள்கிறேன்.

நான் வேலை பார்ப்பது அமெரிக்காவின் மத்திய மேற்கில், ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகத்தின் பார்க்கிங் மற்றும் போக்குவரத்துத் துறையில். ஏழு வருடமாக மென்பொருள் பொறியாளர். வேலை கிடைத்த செய்தியை ஊருக்குப் போன் போட்டுச் சொன்னபோது அப்பா கேட்டார்: "என்னடா, பி.இ. படிச்சிட்டு வண்டி ஸ்டாண்டுல டோக்கன் கிழிக்கப் போறியா?" அவர் அரசுப் போக்குவரத்துக் கழகத்தில் முப்பத்தொரு வருடம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வண்டி, டெப்போ, டிரிப் ஷீட் என்று வாழ்ந்த மனிதர். பிள்ளையாவது இந்தப் புகையிலிருந்து தப்பட்டும் என்றுதான் என்னைப் படிக்க வைத்தார்.

அவருக்கு நான் விளக்கிச் சொன்னதை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஒரு பெரிய பல்கலைக்கழகம் என்பது ஒரு நடுத்தர ஊர். தினமும் ஐம்பதாயிரம் பேர் வந்து போகிறார்கள். மருத்துவமனை, விளையாட்டரங்கம், விடுதிகள், ஆய்வுக்கூடங்கள் எல்லாம் உள்ளேயே. கார் நிறுத்தும் லாட்டுகள், அடுக்குமாடி பார்க்கிங், ஷட்டில் பஸ்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான வேன், சைக்கிள் நிறுத்தங்கள், பனி அள்ளும் வண்டிகள், கால்பந்துப் போட்டி நாளில் ஊரே திரண்டு வரும் நெரிசல், அபராதச் சீட்டு, அதை எதிர்த்து வரும் முறையீடு — இத்தனைக்கும் ஒரே துறை. மேலே ஒரு டைரக்டர். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அவரைப் பற்றியது. பெயர் வேண்டாம், போன ஜூனில் ஓய்வு பெற்று நிம்மதியாக இருக்கிறார்.

அவர் இந்த வேலைக்கு வந்தது பஸ் வழியாக. மாணவியாக இருந்தபோது கேம்பஸ் ஷட்டில் ஓட்டியிருக்கிறார். அமெரிக்காவில் இது புதிதல்ல. கலிஃபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் 1968இல் மாணவர் சங்கமே லண்டனிலிருந்து இரண்டு பழைய மாடி பஸ்களை வாங்கி ஓட்டத் தொடங்கியது. இன்றும் அந்த யூனிட்ரான்ஸ் பஸ்களை ஓட்டுவது மாணவர்கள்தான். மேற்கு வர்ஜீனியாவின் மோர்கன்டவுனில் 1975 முதல் ஓட்டுநரே இல்லாத சிறு பெட்டிகள் தனிப் பாதையில் மாணவர்களை ஏற்றிப் போகின்றன. பெரிய நகரங்கள் செய்யத் தயங்கியதைச் சில பல்கலைக்கழகங்கள் துணிந்து செய்து பார்த்திருக்கின்றன. ஆனால் அதையெல்லாம் செய்தவர்களின் பெயர் எந்தப் பட்டமளிப்பு விழாவிலும் வாசிக்கப்படுவதில்லை.

முதலில் பணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லோரும் தவறாக நினைப்பது அங்கேதான். "இவ்வளவு ஃபீஸ் வாங்கறாங்க, பார்க்கிங்குக்கும் காசா?" என்று கேட்காத மாணவர் இல்லை. இங்குள்ள அரசுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பார்க்கிங் துறை தன் செலவைத் தானே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். வரிப்பணமும் வராது, கல்விக் கட்டணமும் வராது. அடுக்குமாடி பார்க்கிங் கட்டினால் ஒரு கார் நிற்கும் இடத்துக்கு 30,000 டாலர் என்பது இன்று அதிசயமில்லை. வட்டியே இல்லாமல் முப்பது வருடத்துக்குப் பிரித்தாலும் ஓர் இடத்துக்கு வருடம் ஆயிரம் டாலர். வட்டி, விளக்கு, லிஃப்ட், குளிர்காலத்தில் தூவும் உப்பு அரித்த கான்கிரீட்டைச் செப்பனிடுவது எல்லாம் தனி.

அபராதப் பணம் கொட்டுகிறது என்பதும் பாதிதான் உண்மை. வட கரோலினாவில் அரசியல் சட்டப்படி அபராதத் தொகை பொதுப் பள்ளிகளுக்குப் போக வேண்டும். பல்கலைக்கழகப் பார்க்கிங் அபராதத்துக்கும் அது பொருந்தும் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2005இல் தீர்ப்பளித்தது. அங்கே சீட்டு எழுதுகிற துறைக்கு வசூல் செலவு மட்டும்தான் மிஞ்சும். இன்னொரு பக்கம், 2012இல் ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் தன் பார்க்கிங்கை 50 வருடத்துக்கு 48 கோடியே 30 லட்சம் டாலருக்குக் குத்தகைக்கு விட்டது. எடுத்தது ஓர் ஆஸ்திரேலிய முதலீட்டு நிறுவனம். கறுப்புத் தாரும் வெள்ளைக் கோடும் இவ்வளவு பெறுமா என்று அன்றைக்குப் பலர் வியந்தார்கள். எங்கள் டைரக்டர் வியக்கவில்லையாம். "இடத்தோட விலை எனக்குத் தெரியும். விலையேத்தறப்ப ஜனங்க திட்டறதுக்கு ஒரு ஆள் வேணும். அந்த ஆளையும் சேர்த்துக் குத்தகைக்கு விட முடியாது" என்றார்.

சரி, பொறியாளர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே பெர்மிட் வாங்கியவருக்கு இடம் சொந்தமில்லை. தேடிக்கொள்ளும் உரிமை மட்டும்தான். 'வேட்டை லைசென்ஸ்' என்று இதை எல்லாக் கேம்பஸ்களிலும் கிண்டல் செய்வார்கள். நூறு இடம் இருந்தால் நூற்று இருபது, நூற்று முப்பது பெர்மிட் விற்போம். எல்லோரும் ஒரே நேரத்தில் வருவதில்லை. ஒருவருக்கு வகுப்பு இல்லை, ஒருவர் விடுப்பு, ஒருவர் மாநாட்டுக்குப் போயிருப்பார். எத்தனை கூடுதலாக விற்கலாம் என்று கணிப்பது என் நிரலின் வேலை.

இதன் கணிதம் எனக்குப் பழைய சிநேகிதம். டேட்டா ஸ்ட்ரக்சர்ஸ் பாடத்தில் ஹாஷ் டேபிள் படித்தவர்களுக்குத் தெரியும்: ஒரு தரவு போக வேண்டிய இடத்தில் வேறொன்று உட்கார்ந்திருந்தால் அடுத்த இடத்தைப் பார், அதிலும் ஆள் இருந்தால் அதற்கடுத்தது. 1966இல் கோன்ஹைம், வைஸ் என்ற இருவர் இந்தக் கணக்கை ஒருவழித் தெருவில் கார் நிறுத்துகிறவர்களின் கதையாகவே எழுதிவிட்டார்கள். டொனால்ட் நூத் கொடுத்த சூத்திரத்தில் எண்களைப் போட்டுப் பாருங்கள். அட்டவணை பாதி நிரம்பியிருந்தால் ஒரு புதிய வரவு சராசரியாக இரண்டரை இடம் பார்த்தால் போதும். 90 சதவீதம் நிரம்பினால் ஐம்பது இடம். 95 சதவீதத்தில் இருநூறு. அந்த ஐந்து சதவீதத்தில் தேடல் நான்கு மடங்காகிவிடுகிறது. நிஜ லாட் இந்தச் சூத்திரத்துக்கு அப்படியே அடங்காது, ஆனால் ஒன்பது மணிக்கு வகுப்பை வைத்துக்கொண்டு நாலாவது முறையாக லாட்டைச் சுற்றுகிற ஆசிரியருக்கு இதன் பொருள் நன்றாகப் புரியும்.

அதனால்தான் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் ஷூப், சாலையோரத்தில் எப்போதும் 15 சதவீதம் இடம் காலியாக இருக்கும்படி விலை வையுங்கள் என்று வாழ்நாளெல்லாம் வாதாடினார். 2005இல் வந்த அவருடைய 'தி ஹை காஸ்ட் ஆஃப் ஃப்ரீ பார்க்கிங்' எங்கள் தொழிலில் எல்லோர் அலமாரியிலும் இருக்கும். இலவசமாக நிறுத்த முடிகிற இடத்துக்கும் யாரோ விலை கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார்கள், காரே இல்லாதவரும் கொடுக்கிறார் என்பது அவர் கட்சி. 2025 பிப்ரவரியில் அவர் காலமானபோது எங்கள் அலுவலகத்தில் ஒரு நிமிடம் பேச்சு நின்றது.

இதுவரை சொன்னதெல்லாம் கணக்கு. கணக்கு தீர்ந்த பிறகு மிஞ்சுவதுதான் டைரக்டரின் வேலை என்பது எனக்கு மூன்று வருடத்துக்கு முன் தெரிந்தது.

கேம்பஸில் புதுக் கட்டடம் எப்போதும் பார்க்கிங் லாட்டின் மேல்தான் எழும். வேறு காலி நிலம் ஏது? அந்த முறை கேம்பஸ் நடுவில் அறுநூறு இடம் கொண்ட லாட் ஓர் ஆய்வுக் கட்டடத்துக்குப் போனது. அறுநூறு கார்களும் ஊர் எல்லையில் இருக்கும் மைதான லாட்டுக்குப் போக வேண்டும். அங்கிருந்து நடந்தால் இருபத்திரண்டு நிமிடம். ஷட்டில் உண்டு. யார் அங்கே போவது என்பதற்கு நான் மூன்று திட்டங்கள் தயாரித்தேன். ஒன்றில் பணி மூப்பு முக்கியம். ஒன்றில் மொத்த நடை நிமிடம் குறைவு. ஒன்றில் வருமானம் அதிகம். மூன்றுக்கும் வண்ண வரைபடம்.

அவர் மூன்றையும் பொறுமையாகப் பார்த்துவிட்டு, "மைதான லாட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வருவாங்க?" என்று கேட்டார். சம்பளப் பிரிவிலிருந்து ஷிஃப்ட் விவரம் வாங்கி ஒரு பத்தியைச் சேர்த்தேன். மூன்று திட்டங்களிலும் ஒரு கூட்டம் தவறாமல் மைதானத்துக்குப் போயிருந்தது. விடிகாலை நாலு மணிக்கு வேலை தொடங்கும் துப்புரவுப் பணியாளர்கள். மூப்பு குறைவு, சம்பளம் குறைவு, பெர்மிட் விலை ஏறினால் முதலில் விலகுகிறவர்களும் அவர்களே. முதல் ஷட்டில் ஆறரைக்கு.

"நாளைக்கு மூணேகாலுக்கு அங்க இருங்க" என்றார்.

பிப்ரவரி மாதம். மைனஸ் பதினாறு. ஆள் உயரத்துக்குப் பனியை ஒதுக்கி வைத்திருந்த மைதான லாட்டில் அவரும் நானும் பஸ் மேற்பார்வையாளரும் நின்றோம். அங்கே ஏற்கெனவே நிறுத்திக்கொண்டிருந்தவர்கள் சிலர் இருந்தார்கள். ஒரு பழைய வேனிலிருந்து நான்கு பெண்கள் இறங்கினார்கள். பூட்டானிலிருந்து அகதிகளாக வந்த நேபாளிகள். மூத்தவர் என்னைப் பார்த்ததும் "பாய்" என்று கூப்பிட்டார், எனக்கு இந்தி வராது என்று தெரிந்ததும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நாங்கள் அவர்களோடு நடந்தோம். முதல் ஐந்து நிமிடத்தில் மூக்கு மரத்துப்போனது. பாலத்துக்குக் கீழே ஓரிடத்தில் அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டு வேகமாக நடந்தார். ஏறி வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் திரும்பவும் பேசினார். நடப்பது கஷ்டமா என்று டைரக்டர் கேட்டதற்கு, நடப்பது பரவாயில்லை, அந்த இடத்தில் விளக்கு இல்லை என்றார்.

இன்னொன்றும் சொன்னார். முன்பெல்லாம் கண்ணாடியில் தொங்கவிடும் அட்டை பெர்மிட் இருந்தது. நான்கு பேரும் காசு போட்டு ஓர் அட்டை வாங்கி, அன்றைக்கு எந்த வண்டி வருகிறதோ அதில் மாட்டிக்கொள்வார்கள். நம்பர் பிளேட்டைக் கேமரா படிக்கும் முறை வந்ததும் பெர்மிட் ஒரே வண்டியோடு ஒட்டிக்கொண்டது. வேன் பழுதானால் வேறு வண்டியில் வரவேண்டும், வந்தால் அபராதம். அமெரிக்கா முழுக்கக் கேம்பஸ்கள் இந்த முறைக்கு மாறியிருக்கின்றன. அட்டை அச்சடிக்கும் செலவு மிச்சம், திருட்டு இல்லை. அதோடு இந்த மாதிரி சின்னச் சின்ன ஏற்பாடுகளும் சத்தமில்லாமல் காணாமல் போயின.

ஒரு மாதத்தில் டைரக்டர் முடிவெடுத்தார். காலை ஆறு மணிக்கு முன் வேலை தொடங்குகிறவர்களுக்கும், இரவு பதினோரு மணிக்குப் பின் முடிக்கிறவர்களுக்கும் நடு கேம்பஸில் இருக்கும் லாட்டுகளில் இடம். பெர்மிட் விலை சம்பளத்துக்கு ஏற்ப. ஒரு பெர்மிட்டில் நான்கு வண்டிகள்வரை பதிந்துகொள்ளலாம், ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் நிறுத்தலாம். பாலத்தடியில் விளக்கு. பகலில் எட்டு மணி முதல் வருகிறவர்கள் மைதானத்துக்குப் போக வேண்டும். அவர்களுக்கு எட்டு நிமிடத்துக்கு ஒரு ஷட்டில்.

கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் நாலு மணிக்கு வந்தவர்கள் பன்னிரண்டரைக்குத்தான் கிளம்புவார்கள். ஒன்பது மணிக்கு வருகிற பேராசிரியர், தன் துறை வாசலில் தான் நிறுத்தி வந்த இடங்களில் பழைய வேன்கள் நிற்பதைப் பார்த்தார்.

ஆலோசனைக் கூட்டத்துக்கு அரங்கு நிறைந்துவிட்டது. மூட்டுவலிக்காரர் ஒருவர் எழுந்தார். அவருக்கு மருத்துவச் சான்றின்பேரில் பக்கத்திலேயே இடம் தர வழி இருந்தது. பொருளாதாரப் பேராசிரியர் ஒருவர், இடத்தை ஏலம் விடுங்கள், யாருக்கு அதிகம் தேவையோ அவர் அதிகம் கொடுப்பார் என்றார். அது முட்டாள்தனமான வாதம் இல்லை. டைரக்டர் அதற்கு, "அதிகம் தேவைப்படறவரையும் அதிகம் கொடுக்க முடியறவரையும் ஏலம் தனித்தனியா காட்டாதே, சார்" என்றார். என் வரைபடங்களை அவர் திரையில் போடவே இல்லை. "அறுநூறு பேர் நடக்கணும். யாருன்னு நான்தான் முடிவு பண்ணேன். காரணத்தைச் சொல்லிட்டேன். ஆறு மாசம் கழிச்சு இதே அரங்குல வந்து நிக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

கடைசியாக எழுந்தவரை எனக்குத் தெரியும். தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் சந்தித்துப் பழகிய பெண், உயிரியலில் முதுமுனைவர் ஆய்வாளர், மதுரைப் பக்கம். கேம்பஸ் காப்பகத்தில் ஒன்றரை வயதுக் குழந்தையை விட்டுவிட்டு ஒன்பதேகாலுக்கு ஆய்வுக்கூடம் போக வேண்டும். அவர் சம்பளம் துப்புரவுப் பணியாளர் சம்பளத்தைவிட ஒன்றும் பெரிய தூரத்தில் இல்லை. குழந்தை, பை, ஸ்ட்ரோலரோடு ஷட்டிலில் ஏறி இறங்க வேண்டும். "எனக்கு என்ன வழி?" என்று கேட்டார். அரங்கு அமைதியானது. டைரக்டர் கொஞ்ச நேரம் அவரையே பார்த்துவிட்டு, "உங்களுக்கு இது கெடுதல்தான். காப்பகத்துக்குப் பக்கத்துல பதினஞ்சு நிமிஷம் நிறுத்த இடம் போடறேன். மத்ததுக்கு என்கிட்ட இப்ப பதில் இல்ல" என்றார்.

அன்று ராத்திரி அந்தப் பெண் எனக்குப் போன் செய்தார். "என்ன அண்ணா, நீங்க அந்த ஆபீஸ்லதானே இருக்கீங்க, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பாலத்தடியில் நடந்த அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். "அவங்க நல்லா இருக்கட்டும் அண்ணா. நான் அதுக்கு எதிரி இல்ல" என்றார். அடுத்த பொங்கல்வரை அவர் என்னோடு பேசவில்லை.

பேராசிரியர் பேரவை கண்டனத் தீர்மானம் போட்டது. நூற்றுக்கணக்கில் மின்னஞ்சல்கள். சிலவற்றை டைரக்டர் என்னைப் படிக்க விடவில்லை. ஆறு மாதம் கழித்து, சொன்னபடி அதே அரங்கில் வந்து நின்றார். வந்தவர்கள் முப்பது பேர் இருக்கலாம். திட்டம் அப்படியே நின்றது.

இடமே தேவைப்படாமல் செய்வது இதைவிட நல்ல வழி என்பது எல்லோருக்கும் தெரியும். சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991லேயே யூ-பாஸ் என்று ஒரே அட்டையில் ஊர் பஸ் முழுவதையும் திறந்துவிட்டது. ஸ்டான்ஃபோர்டுக்கு 2000இல் அந்த மாவட்ட நிர்வாகம், நெரிசல் நேரத்தில் கார் வரத்து கூடாமல் இருந்தால்தான் புதிதாகக் கட்டலாம் என்று நிபந்தனை போட்டது. அதற்காகக் காரில் வராதவர்களுக்கு அந்தப் பல்கலைக்கழகம் பணமே கொடுத்திருக்கிறது. ஆனால் சியாட்டிலில் ஏற்கெனவே ஊர் பஸ் ஓடியது. எங்கள் ஊரில் அந்தி சாய்ந்தால் பஸ் இல்லை. நாலு மணிக்கு வேலைக்கு வருகிறவர்கள் காரில்தான் வந்தாக வேண்டும்.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். டோக்கன் கிழிக்கிற வேலை என்று கிண்டலடித்தவர் முழுக்கக் கேட்டார். "நைட் ஹால்ட் வண்டி மாதிரி" என்றார். கடைசி டிரிப் முடிந்து ஏதாவதொரு கடைக்கோடி கிராமத்தில் ராத்தங்கி, விடிகாலை நாலரைக்குக் காய்கறி மூட்டைகளோடு டவுனுக்குக் கிளம்புமே, அந்த பஸ். டெப்போவில் எப்போதும் அதை நிறுத்தச் சொல்லிக்கொண்டே இருப்பார்களாம். கலெக்‌ஷன் கம்மி, டிரைவர் கண்டக்டர் இரண்டு பேரும் கோயில் திண்ணையில் படுத்துத் தூங்க வேண்டும், யாருக்கும் பிடிக்காது. "அந்த டிரிப்பை எடுத்துட்டா ஒரு பய டெப்போவுக்கு வந்து கேக்க மாட்டான்டா. கேக்கறவனெல்லாம் எட்டு மணி வண்டிக்காரன்தான்" என்றார். அவர் காலத்தில் ஒரு கிளை மேலாளர் மட்டும் அப்படி ஒரு டிரிப்பை நிறுத்த மறுத்தாராம். என்ன ஆயிற்று என்று கேட்டேன். "மாத்திட்டாங்க" என்றார். "டிரிப்பையாப்பா?" "இல்ல, அவரை. டிரிப்பு ஓடுச்சு."

டைரக்டர் ஓய்வு பெறும் முன் என்னைத் துணை டைரக்டர் பதவிக்கு விண்ணப்பிக்கச் சொன்னார். நிரல் எழுதுகிறவனுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. திட்டு அவனிடம் வந்து சேராது. 'சிஸ்டம் அப்படிச் சொல்லுது' என்று கவுன்ட்டரில் இருப்பவர் சொல்லிவிடுவார், சிஸ்டத்துக்கு முகம் கிடையாது. மனைவி நாலு நாள் யோசிக்கச் சொன்னாள். "ராத்திரி தூக்கம் போச்சுன்னா என்கிட்ட வரக்கூடாது" என்று சொல்லிவிட்டு, விண்ணப்பத்தில் இருந்த எழுத்துப் பிழைகளை அவளே திருத்திக் கொடுத்தாள்.

இந்த வசந்தத்தில் இன்னொரு லாட் போகிறது. மருத்துவமனை விரிவாக்கம். முந்நூற்று எண்பது இடம். பட்டியலில் முதல் பத்தியாக வேலைக்கு வரும் நேரத்தைத்தான் வைத்தேன். இரண்டாவதாக, வீட்டில் பள்ளி வயதுக்குக் கீழே குழந்தை உண்டா என்று விருப்பமுள்ளவர்கள் குறிப்பிட ஒரு பத்தி. அப்படியும் எண்பது பேருக்கு என்னால் நல்ல பதில் சொல்ல முடியவில்லை. அவர்கள் நடக்க வேண்டும். யார் யார் என்று எனக்குத் தெரியும். காரணத்தைக் கடிதத்தில் நாலு வரியில் எழுதினேன். வழக்கமாகத் துறையின் பெயரில் போகும் கடிதத்தின் அடியில் என் பெயரையும் நேரடித் தொலைபேசி எண்ணையும் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு அனுப்பினேன். ஒன்பது ஏழுக்கு முதல் போன் வந்தது.